காலித் தடுக்கு

காக்கை வெள்ளையாக இருந்து, வெயிலில் காய்ந்து காய்ந்து அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்த காலம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்தக் காலத்தில் நெட்டாறு என்று ஓர் ஆறு. அக்கரையில் ஒரு நாடு, இக்கரையில் ஒரு நாடு. இக்கரை நாட்டுக்கு மலை உண்டு, வயல் உண்டு, கடல் உண்டு. அதை ஆண்டவன் வில்லவராயன் என்ற அரசன். நல்ல மனிதன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுவான். அவன் மூச்சு விட்டால் சபையில் முன்வரிசைக்காரர்கள் தலைப்பாகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு புலவர் பறந்தே போனார். பக்கத்து ஊர்ப் புளியமரத்தில் தேடி எடுத்தார்கள்.

அவனுக்கு ஓர் அமைச்சர். பெயர் அம்பலக்கூத்தர். அரசன் எதற்காகப் பெருமூச்சு விடப் போகிறான் என்று, விடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும் ஆள். நாம் அவர் பின்னாலேயே போவோம். கதை அவரைச் சுற்றித்தான் நடந்தது.

இக்கரை நாட்டில் கல்விச் சாவடி என்று ஒன்று இருந்தது. நாடு முழுக்க இருந்த பள்ளிக்கூடங்களை அது பார்த்துக்கொண்டது. அரசனுடைய பாட்டனுக்குப் பாட்டன் கட்டியது. ஏன் கட்டினான் என்பது எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. கட்டடம் மட்டும் நின்றது. எவ்வளவு நீளம் தெரியுமா? மேற்கு வாசலில் விண்ணப்பத்தோடு நுழைந்த இளைஞன், முத்திரை வாங்கிக்கொண்டு கிழக்கு வாசலில் வெளியே வரும்போது தாடி நரைத்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரிகள் அத்தனை பேரும் பருமன். ஒருவர் எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். அந்த இரண்டு பேரைத் தூக்கிவிட இன்னும் நாலு பேர்.

அதே சாவடியில் இன்னொரு வகை ஆட்களும் இருந்தார்கள். ஊர் ஊராக நடக்கிறவர்கள். கேள்விக்காரர்கள் என்று பெயர். அவர்கள் ஈர்க்குச்சி போல இருப்பார்கள். ஒரே சாவடியில் எப்படி இத்தனை பருமனும் இத்தனை மெலிவும் என்று கேட்கிறீர்களா? அதற்குக் காரணம் ஒரு வழக்கம்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் முன்வரிசையில் ஓர் ஓலைத் தடுக்கைக் காலியாகப் போட்டு வைக்க வேண்டும். கேள்விக்காரர் வருவார். அந்தத் தடுக்கின் பக்கத்தில், வெறும் தரையில் உட்காருவார். வந்திருக்கிற பிள்ளைகளை ஒன்றும் கேட்க மாட்டார். ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்: "வராதது யார்?"

உண்மையான பதில் வரும்வரை அந்த ஊரில் ஒரு வாய்ச் சோறு தின்ன மாட்டார், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டார். வந்த விருந்தாளி பட்டினி கிடப்பதைவிட ஓர் ஊருக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்? ஊரே கூடிப் பேசி, வராத பிள்ளையின் பெயரைச் சொல்லிவிடும். ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்பார். மாடு மேய்க்கப் போயிருக்கிறதா, அதற்கு ஒரு மாற்றாள். கால் நடக்காதா, அதற்கு ஒரு வண்டி. உடுத்தத் துணி இல்லையா, அதற்கு ஒரு துணி. பிள்ளை வந்து தடுக்கில் உட்கார்ந்த பிறகுதான் கேள்விக்காரர் ஊரைவிட்டுக் கிளம்புவார். மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொரு காலித் தடுக்கு விழும்.

அம்பலக்கூத்தர் தலைநகரைவிட்டு வெளியே போனவர் இல்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் பருமன்கள்தான்.

ஒருநாள் அரசன் சாவடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "எத்தனை ஆள், எத்தனை முத்திரை, எத்தனை தாமதம்!"

மலைக்காரர்கள், "எங்கள் பிள்ளைக்குத் தேன் எடுக்கத் தெரிந்தால் போதும், தலைநகரம் என்ன சொல்வது?" என்றார்கள். வயல்காரர்கள், "எங்கள் பள்ளியை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். கடற்கரைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை.

குறை பொய்யில்லை. சாவடி வீங்கித்தான் இருந்தது. வீக்கத்துக்கு மருந்து போடலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. அம்பலக்கூத்தர் எழுந்தார். "அரசே, சாவடியையே கலைத்துவிடுவோம். அந்தந்த ஊர்ப் பள்ளி அந்தந்த ஊர்ப் பாடு."

சபை கைதட்டியது. அப்போது சாத்தையன் என்ற கேள்விக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். நிழல்கூட மெல்லிசாக விழும் அளவுக்கு ஒல்லி.

"உன் வேலை என்ன, சாத்தையா?" என்றார் அம்பலக்கூத்தர்.

"கேட்கிறது, அமைச்சரே."

"என்னத்தைக் கேட்பாய்?"

"வராதது யார்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சபை சிரித்தது. "இந்த ஒரு கேள்விக்கு ஒரு சாவடியா? இதை அந்தந்த ஊர்க்காரனே கேட்டுக்கொள்ள மாட்டானா?" என்றார் அம்பலக்கூத்தர்.

சாத்தையன் சிரிக்கவில்லை. "ஊரே மறந்துபோன பிள்ளையை ஊர் எப்படி அமைச்சரே கேட்கும்? மறந்ததே அவங்கதானே!"

"போய் வா, சாத்தையா. வழியில் ஏதாவது சாப்பிடு."

சாத்தையன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பரிசல் ஏறினார். ஆற்றைக் கடந்து போய்விட்டார்.

சாவடியைக் கலைத்த முதல் வருஷம் ஊரெல்லாம் திருவிழாதான். தலைநகரப் பள்ளிக்குப் பித்தளைக் கதவு போட்டார்கள். அங்கே படித்த பிள்ளைகள் தலைகீழாக நின்றுகொண்டு இலக்கணம் சொன்னார்கள். "பார்த்தீரா!" என்றான் அரசன். "பார்த்தேன் அரசே" என்றார் அமைச்சர். தலைநகரம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

மலைப்பள்ளியின் கூரை ஒரு காற்றில் பறந்தது. யாரும் மாற்றவில்லை. வயற்பள்ளியில் பண்ணைக்காரர் பிள்ளைகளுக்குத் தடுக்குப் போட்டது போக, களை எடுக்கிறவர் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றார்கள். கடற்கரைப் பள்ளி வாத்தியார், பாடம் நடத்துவதைவிட உப்பு விற்றால் வயிறு நிறைகிறது என்று கண்டுகொண்டார். பள்ளிக்கூடத்தில் உப்பு மூட்டை ஏறியது. காலித் தடுக்குகளை வைத்து அடுப்பெரித்தார்கள்.

"எந்த ஊரிலிருந்தாவது முறையீடு வந்ததா?" என்று அரசன் கேட்பான்.

"ஒன்றுகூட இல்லை அரசே" என்பார் அமைச்சர். அது உண்மைதான். முறையீட்டைச் சுமந்துகொண்டு வரும் ஆட்களைத்தான் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டதே!

இப்படிப் பல வருஷம் போயிற்று. ஒருநாள் காலை, அக்கரையிலிருந்து ஒரு தூதன் வந்தான்.

"எங்கள் நாட்டில் புது அரசி முடிசூடியிருக்கிறார். எல்லைக்கல் வாசிப்புக்கு அழைக்கிறார்."

அரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. அமைச்சரைப் பார்த்தான். அம்பலக்கூத்தருக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. 

நெட்டாற்றின் நடுவில் ஒரு கல் நிற்கிறது. ஆற்று நீரை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அதில் வெட்டியிருக்கிறது. இக்கரை வயல்களுக்குத் தண்ணீர் போகும் மதகு அக்கரைக்காரர்கள் கையில் இருக்கிறது. எந்தக் கரையில் புது ஆட்சி ஏறுகிறதோ, அந்தக் கரை எதிர்க்கரையை வாசிப்புக்கு அழைக்கலாம். அழைத்தவர்கள் எதிர்நாட்டில் ஒரு பிள்ளையைக் கைகாட்டுவார்கள். எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும். அந்தப் பிள்ளை கல்லில் கண்ணுக்குத் தெரிவதை வாசிக்க வேண்டும். வாசித்தால் ஒப்பந்தம் நிற்கும். வாசிக்கவில்லையென்றால், அதே பிள்ளை வந்து வாசிக்கும்வரை மதகு மூடப்படும்.

வில்லவராயன் முடிசூடியபோது, "இந்தப் பழைய கூத்தெல்லாம் எதற்கு?" என்று அக்கரையை அழைக்காமல் விட்டுவிட்டான். அதோடு எல்லாருக்கும் மறந்துபோயிற்று. இப்போதுதான் அமைச்சருக்கு விளங்கியது. பாட்டனுக்குப் பாட்டன் எதற்காகச் சாவடி கட்டினான்? எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் எதிரி கைகாட்டலாம் என்றால், எந்தப் பிள்ளையையும் விட்டுவைக்க முடியாது. அதனால்தான் காலித் தடுக்கு. அதனால்தான் அந்த ஒரே கேள்வி.

"கைகாட்ட வருகிறவர் யார்?" என்று கேட்டார் அம்பலக்கூத்தர்.

"எங்கள் நாட்டுக் கல்விச் சாவடித் தலைவர்" என்றான் தூதன். "உங்கள் ஊர்க்காரர்தான். சாத்தையனார்."

அரசன் பெருமூச்சு விட்டான். இந்த முறை யாருக்கும் தலைப்பாகையைப் பிடிக்கத் தோன்றவில்லை.

அம்பலக்கூத்தர் உட்கார்ந்து யோசிக்கவில்லை; ஓடினார். ஆட்களை ஏவினார். தலைநகரத்துத் தலைகீழ்ப் பிள்ளைகளை மலைக்குக் கொஞ்சம், வயலுக்குக் கொஞ்சம், கடற்கரைக்குக் கொஞ்சம் என்று பிரித்து அனுப்பிப் பள்ளிகளில் உட்கார வைத்தார். எழுத்துத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் ஊர் ஊராகத் திரட்டி, கடற்கரையில் இருந்த பெரிய உப்புக் கொட்டகைக்குள் அடைத்தார். "மூன்று ஊர் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். அதுவரை மூச்சுவிடக் கூடாது" என்று பெற்றவர்களிடம் சத்தியம் வாங்கினார்.

கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் எண்ணவில்லை. கதவைச் சாத்தும்போது இடம் போதாமல் உள்ளே முனகல் கேட்டது. அது போதும், அவருக்குத் தூக்கம் போக.

சாத்தையன் வந்தார். அக்கரைச் சோறு தின்றும் சதை போடவில்லை. மலைக்குப் போனார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். சாத்தையன் அவர்களைப் பார்க்கவே இல்லை.

"வராதது யார்?"

"எல்லாரும் வந்தாச்சு" என்றார்கள் பெரியவர்கள். சாத்தையன் தண்ணீர் குடிக்காமல் எழுந்தார்.

வயற்பக்கம் போனார்கள். பிள்ளைகள் செய்யுள் ஒப்பித்தார்கள்.

"வராதது யார்?"

"எல்லாரும் வந்தாச்சு." சாத்தையன் தண்ணீர் குடிக்காமல் எழுந்தார்.

கடற்கரைக்கு வந்தார்கள். உப்பளத்து வெயில். வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. பள்ளியிலிருந்த மூட்டைகளை அவசரமாக இறக்கி, தலைநகரத்துப் பிள்ளைகளை உட்கார்த்தியிருந்தார்கள். பட்டுத்துணியில் உப்புத் தூள் ஒட்டிக்கொண்டு மின்னியது. சாத்தையன் வெளியே வந்து, வெறும் தரையில், அந்த வெயிலில் உட்கார்ந்தார். தோள்துண்டை மடித்துப் பக்கத்தில் போட்டார். தடுக்குக்குப் பதிலாக.

"வராதது யார்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அமைச்சர் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சாத்தையனின் உதடு வெடித்தது. சாத்தையனின் கண் செருகியது. சாத்தையன் அப்படியே சாய்ந்தார்.

உப்பளத்துப் பெண்கள் கூட்டத்தில் இசக்கியம்மை என்று ஒருத்தி. உப்புச் சுமக்கிறவள். அவள் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இசக்கி, நில்லு!" என்றார் ஊர்த்தலைவர். "சத்தியம் பண்ணிருக்கோம்!"

"சத்தியம் உம்மோட. சாவப்போற மனுசன் என் வாசல்ல." அவள் சாத்தையனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "ஏ சாமி, கேட்டுக்கிடும். என் மவ வரல. பேராச்சின்னு பேரு. இப்பம் குடியும், ஒம்ம கும்பிடுதேன்."

சாத்தையன் கண்ணைத் திறந்தார். "எங்க இருக்கா?"

இசக்கியம்மை அமைச்சரைப் பார்த்தாள். பிறகு உப்புக் கொட்டகையைப் பார்த்தாள்.

கதவைத் திறந்தார்கள். உப்புக்காற்றில் கண் சிவந்து, பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். மலைப்பிள்ளைகள், வயற்பிள்ளைகள், கடற்கரைப் பிள்ளைகள். அம்பலக்கூத்தருக்குத் தன் நாட்டில் இத்தனை பேர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. கடைசியாக ஒரு பெண்பிள்ளை, தன்னைவிடச் சின்னது ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள்தான் பேராச்சி.

சாத்தையன் கைகாட்டினார்.

கைகாட்டிய பிள்ளையை அதன் நாட்டார்தான் கல்லுக்குக் கூட்டிவர வேண்டும் என்பது முறை. கடற்கரையிலிருந்து ஆற்று நடுவுக்குச் சில நாள் வழி. அம்பலக்கூத்தர் பல்லக்கு வேண்டாம் என்றார். பிள்ளையோடு தானே நடந்தார். கல்லில் உள்ள வாசகம் அரண்மனையில் ஓலையில் இருந்தது, அவருக்கு மனப்பாடம். அதை அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தார்.

"சொல்லு. 'இந்த ஆறு இரு கரைக்கும் பொது.'"

"இந்த ஆறு இரு கரைக்கும் பொது."

"'மேட்டிலிருப்பவர் மறிக்கலாகாது. பள்ளத்திலிருப்பவர் களவாடலாகாது.'"

அவள் ஒருமுறை கேட்டால் போதும், பிடித்துக்கொண்டாள். அமைச்சருக்கு உயிர் வந்தது. இத்தனை மூளையை உப்புக் கொட்டகையிலா அடைத்தோம் என்று ஒரு கணம் நெஞ்சில் குத்தியது. அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"ஏன்யா," என்றாள் பேராச்சி, "இதுல 'ஆறு'ங்கறது எப்படி இருக்கும்? வளைஞ்சு வளைஞ்சு இருக்குமோ?"

"அது உனக்கு எதற்கு? நான் சொல்வதைச் சொன்னால் போதும்."

"கிளிப்பிள்ளை மாதிரியா?"

"கிளிப்பிள்ளை மாதிரி."

"கிளிக்காவது பழம் குடுப்பாவ" என்றாள் அவள். அமைச்சர் மடியிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்துக் கொடுத்தார்.

வாசிப்பு நாள் வந்தது. ஆற்றில் செம்மண் கலந்த செந்நீர் பெருக்கெடுத்து ஓடியது. இரு கரையிலும் தலைகள். இக்கரைக்காரர்கள் வயலில் நாற்று நட்டுவிட்டு வந்திருந்தார்கள்; தண்ணீர் நின்றால் நாற்று போயிற்று, நாற்று போனால் சோறு போயிற்று. கல்லருகே பரிசல்கள் போய் நின்றன. ஒன்றில் அக்கரை அரசியும் சாத்தையனும். இன்னொன்றில் வில்லவராயனும் அம்பலக்கூத்தரும் பேராச்சியும்.

"வாசி, தாயி" என்றார் சாத்தையன்.

பேராச்சி கல்லை நேராகப் பார்த்துக்கொண்டு, கணீரென்று தொடங்கினாள். "இந்த ஆறு இரு கரைக்கும் பொது." இக்கரை மூச்சைப் பிடித்தது. "மேட்டிலிருப்பவர் மறிக்கலாகாது." அரசன் வாய் பிளந்தான். "பள்ளத்திலிருப்பவர் களவாடலாகாது." அமைச்சரின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. ஒரு தடுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. கடைசி வரியையும் சொல்லி முடித்தாள்: "வாசிக்கத் தெரியாதவர் தந்த சம்மதம் சம்மதமாகாது."

இக்கரையில் ஆரவாரம் எழுந்தது. அரசன் அமைச்சரைக் கட்டிக்கொண்டான்; பரிசல் ஆடியது.

சாத்தையன் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரிசலிலிருந்து குனிந்து, செந்நீருக்குள் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போயிற்று. கல்லின் அடிப்பாகத்தைத் தடவினார்.

"தாயி," என்றார் மெதுவாக, "கடைசியா ஒரு வரி வாசிச்சியே. அந்த வரி தண்ணிக்குள்ள இருக்கு."

ஆரவாரம் அடங்கிற்று. கரைக்குக் கரை செய்தி ஓட ஓட, சத்தம் அறுந்து அறுந்து விழுந்தது. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு மீன்கண்!" என்று பின்பரிசலிலிருந்து ஒரு சபைக்காரர் கத்தினார். "தண்ணீருக்குள்ளும் தெரியும்!"

அக்கரை அரசி கல்லின் பக்கம் கையை நீட்டினாள். முதல் வரியில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "இது என்ன எழுத்து, கண்ணு?"

பேராச்சி அந்த எழுத்தைப் பார்த்தாள். அரசியைப் பார்த்தாள். அம்பலக்கூத்தரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது. "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே? அய்யா சொல்லிக் குடுத்ததைத்தானே சொன்னேன்?"

அம்பலக்கூத்தருக்கு மூன்று வழி இருந்தது. பிள்ளை மறந்துவிட்டது என்று சொல்லலாம். பிள்ளை பொய் சொல்கிறது என்று சொல்லலாம். இரண்டுக்கும் வாய் வந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் இரண்டும் வெளியே வரவில்லை.

"அவளுக்கு எழுத்துத் தெரியாது" என்றார். "அவள்மேல் குற்றமில்லை. அவளுக்குத் தெரியாமல் போகச் செய்தது நான்."

மதகு மூடப்பட்டது.

அதே பிள்ளை வந்து வாசிக்க வேண்டும். வேறு பிள்ளை ஆகாது. ஆக, இக்கரை நாட்டின் நாற்றும் சோறும் உயிரும் அந்த ஒற்றைப் பெண்பிள்ளை எழுத்துக் கற்பதில் வந்து தொங்கின. அரசன் தலைநகரத்துப் பெரிய வாத்தியார்களை எல்லாம் தேரில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பினான். பேராச்சி வரமாட்டேன் என்றாள்.

"ஏன்?" என்று அம்பலக்கூத்தர் கெஞ்சினார். "நாடே காய்கிறது, தாயே!"

"நான் படிக்கப் போனா ஆத்தாவுக்குக் கூட யாரு உப்புச் சுமக்க? தம்பிக்கு யாரு கஞ்சி ஊத்த?"

அமைச்சர் அவள் பக்கத்திலிருந்த உப்புக் கூடையைப் பார்த்தார். பிறகு பட்டாடையைக் கழற்றி வைத்தார். தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டினார். பேராச்சியின் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"ஒழுங்கா நடக்கணும் வே," என்றாள் இசக்கியம்மை. "கூடை சரிஞ்சா அந்த உப்பை நீரே நக்கணும்."

பேராச்சி பள்ளி வாசல்வரை போனாள். உள்ளே ஒரே ஒரு தடுக்குப் போட்டிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

"இப்போது என்ன?" என்று அலறினார் அமைச்சர், தலையில் கூடையோடு.

"கொட்டகையில என்னோட கெடந்தாவளே, அவுகள்லாம் எங்க?"

ஆட்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். மலைக்கும் வயலுக்கும் தடுக்குகள் போயின, கூரைகள் ஏறின, வண்டிகள் போயின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒரு கூடை இருந்தது. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு மாற்றாள் வேண்டியிருந்தது. பழைய பருமன் அதிகாரிகளைத் தேடிப் பிடித்துக் கூடை கொடுத்தார்கள். நெடுநாள் கழித்து அவர்கள் தாமாகவே எழுந்து நின்றார்கள். கடற்கரைப் பள்ளி நிறைந்தது. அதன் பிறகுதான் பேராச்சி போய் உட்கார்ந்தாள்.

வயல் வெடித்தது. பேராச்சி 'அ' எழுதினாள். நாற்று பழுத்தது. பேராச்சி 'ஆ' எழுதினாள். மாடுகள் வறண்ட வாய்க்காலில் மூக்கை வைத்து மோந்து பார்த்தன. பேராச்சி 'ஆறு' என்று எழுதி, "வளைஞ்சுதான் இருக்கு!" என்று சிரித்தாள். யாராலும் அவளை அவசரப்படுத்த முடியவில்லை. எழுத்து அதட்டினால் ஏறுவதில்லை. அமைச்சரின் பாதம் உப்பில் வெடித்துப் பாளம் பாளமாயிற்று. ஒவ்வொரு நடைக்கும் பள்ளிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து வரும் சத்தத்தில் அவள் குரல் எது என்று தேடினார். கொஞ்ச நாளில் எல்லாக் குரலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு குரல் குறைந்தாலும் கூடையை இறக்கிவிட்டுப் போய்க் கேட்டார்: "இன்று வராதது யார்?" கேட்டபிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

பேராச்சி தயார் என்று சொன்ன நாளில் மறுபடி பரிசல்கள் கல்லருகே போயின. மதகு மூடிக் கிடந்ததால் நீர் தேங்கி ஆறு இன்னும் ஏறியிருந்தது. கல்லில் மேலே சில வரிகள்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் செந்நீருக்குள்.

பேராச்சி தொடங்கினாள். இந்த முறை கணீரென்று இல்லை. எழுத்து எழுத்தாக, விரல் வைத்து, தடவித் தடவி. "இ...ந்த... ஆறு." நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். "இரு... கரைக்கும்... பொது." இரண்டாம் வரி. அதில் ஓர் எழுத்தில் தடுக்கி, திரும்ப வந்து, சரியாகப் பிடித்தாள். "மறிக்க...லாகாது." விரல் நீர்மட்டத்தைத் தொட்டது. நின்றாள்.

கரையெல்லாம் கண். அம்பலக்கூத்தரின் உதடு அடுத்த வரிக்குத் துடித்தது. அவளுக்கும்தான் அது மனப்பாடமாயிற்றே! சொல்லிவிடுவாளோ? சொன்னால் போயிற்று. சொல்லாமல் நின்றால், தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ? அவர் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

பேராச்சி தண்ணீரைப் பார்த்தாள். சாத்தையனைப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ தண்ணி" என்றாள். "எனக்குத் தெரியல."

சாத்தையன் எழுந்து நின்றார். பரிசல் ஆடியது, அவர் ஆடவில்லை. "இதுதான் தாயி வாசிப்பு" என்றார். மதகுப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

தண்ணீர் பாய்ந்த சத்தம் மலை வரைக்கும் கேட்டதாம். அந்த முதல் பாய்ச்சலில் அரசனுடைய கிரீடமே அடித்துக்கொண்டு போய், மூன்று ஊர் தாண்டி ஒரு நண்டின் தலையில் உட்கார்ந்ததாகவும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, நண்டைத்தான் பார்த்தேன்.

வில்லவராயன் கல்விச் சாவடியைத் திரும்பக் கட்டினான். பழைய நீளத்தில் இல்லை. ஒரே ஒரு கூடம், இரண்டு வாசலும் எதிரெதிரே. உள்ளே நாற்காலி கிடையாது. சாவடியில் வேலை செய்கிறவர் யாரானாலும் வருஷத்தில் பாதி நாள் ஊர் ஊராக நடக்க வேண்டும். நடந்து, வெறும் தரையில் உட்கார்ந்து, அந்த ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். முதல் நடை அம்பலக்கூத்தருடையது. வெடித்த பாதத்தோடு மலைக்கு ஏறினார். பள்ளிக்கூடத்து வாசலில், காலித் தடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கித் தரையில் வைத்துவிட்டு, வாயைத் திறந்தார்.

அவர் என்ன கேட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, கேட்டவர்களே, இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: நாட்டின் கல்வியைக் காக்கிற ஓர் அமைப்பில் குறை இருந்தால் குறையைக் களைய வேண்டும், அமைப்பையே கலைத்துவிட்டால், யாரும் தேடாத பிள்ளையின் அறியாமைக்கு ஒருநாள் நாடு முழுவதும் தாகத்தால் விலை கொடுக்க நேரும்.